ரீச்சரிடம் கேளுங்கள்: உயர்தரம் எழுதும் பிள்ளையும் வீட்டின் எதிர்பார்ப்பும்

இந்தமுறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உயர்தரப் பரீட்சையைப் பற்றியவை. விசுவமடு, தருமபுரம், முழங்காவில், புதுக்குடியிருப்பு என்று வன்னி முழுவதிலுமிருந்து வந்திருக்கின்றன. ஒன்று கனடாவிலிருந்து வந்திருக்கிறது. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். வன்னிப் பாடசாலைகளில் உயிரியல் படிப்பித்தவள், பிள்ளைகளுக்கு ஆலோசனை வழிகாட்டலும் பார்த்தவள் என்பதால் மனதில் பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன். முதலில் பெயரும் ஊரும் எழுதாத பிள்ளைக்கு.

*

“ரீச்சர், நான் செக்கன்ட் சை எழுதப் போறன். முதல் தரம் ரெண்டு எஸ், ஒரு எஃப். வீட்டில ஒருத்தரும் ஏசேல்லை. ஆனா ஒருத்தரும் என்னோட கதைக்கிறதுமில்லை. இரவில படுத்தா விடியக்கூடாது எண்டுதான் நினைப்பன். இதை வேற ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”
– பெயர் இல்லை

பிள்ளை, வேறு ஒருவருக்கும் சொல்லாததை எனக்கு எழுதினீர். அதை இன்னும் ஒருதரம் சொல்ல வேணும். இந்தமுறை பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம், இன்றைக்கே. பத்திரிகை அச்சாகி உமது கைக்கு வந்து சேர நாள் எடுக்கும். என் பதிலை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. 1926 என்ற இலக்கத்துக்கு எடும். தேசிய மனநல நிறுவகத்தின் சேவை அது. சாமத்திலும் ஆள் இருப்பார்கள். தமிழில் கதைக்க வேணும் என்று சொல்லும். பதினெட்டு வயது ஆகவில்லையென்றால் 1929 சிறுவர் சேவைக்கும் எடுக்கலாம்.

வீட்டில் எப்படிக் கதையைத் தொடங்குவதென்று தெரியாமல் இருக்கும். இப்படியே சொல்லும்: “எனக்கு உயிரோட இருக்க மனமில்லாமல் கிடக்கு. என்னைத் தனிய விடாதேங்கோ.” அம்மாவிடம் வாய் வராவிட்டால் அம்மம்மாவிடம் சொல்லும். அதுவும் முடியாவிட்டால் உமக்குப் பிடித்த ஒரு ரீச்சரிடமோ சேரிடமோ சொல்லும். மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவர்களில் ஒருவர் உம்மோடு வரட்டும்.

வீட்டில் ஒருவரும் கதைக்காததை வெறுப்பு என்று எடுத்திருக்கிறீர். நான் பார்த்த வீடுகளில் அது அநேகமாகப் பயம். வாய் திறந்தால் பிள்ளைக்கு நொந்துவிடும் என்று ஆளுக்காள் ஒதுங்கி நிற்பார்கள். ரெண்டு எஸ் (சாதாரண சித்தி), ஒரு எஃப் (சித்தியில்லை) என்பதற்கு வழி இருக்கிறது. கீழே புதுக்குடியிருப்புத் தம்பிக்கு எழுதியதைப் பிறகு வாசியும். முதலில் போனை எடும்.

பெற்றாருக்கும் ஒன்று. ரிசல்ஸ் வந்த கிழமையில் பிள்ளையைத் தனியே அறைக்குள் விட்டுவிட்டு நாகரிகமாக ஒதுங்காதீர்கள். பக்கத்தில் இருந்து சாப்பிடுங்கள். “சாக நினைக்கிறியோ பிள்ளை?” என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது பிழையான பயம். கேட்டவரிடம் பிள்ளை மனதைத் திறக்கும்.

*

“மகள் 13 ஆம் தரம், பயோ. விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிப்பா. இரவு பன்னிரண்டரைக்கு முதல் படுக்கிறதில்லை. சனி, ஞாயிறு கிளிநொச்சியில ரியூசன். கெமிஸ்ட்ரிக்கு மட்டும் ரெண்டு இடம். கொஞ்ச மாதமா காலமைச் சாப்பாடு வயித்தில தங்குதில்லை. சோதினை நாளெண்டாச் சத்தி. புருவ மயிரைப் பிடுங்கிப் பிடுங்கி ஒரு பக்கம் வெளிச்சுப் போச்சு. மாதச் சுகயீனமும் ஒழுங்கா வருகுதில்லை. வயித்துக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில ரத்தம், சலம் எல்லாம் பார்த்து ஒண்டுமில்லை எண்டிட்டினம். கண்ணூறா இருக்குமெண்டு நூலும் கட்டிப் பார்த்தன். இவவின்ர அப்பா 2009 இல முள்ளிவாய்க்காலில செத்தவர். அப்ப இவவுக்கு ஒண்டரை வயது. மகளை டொக்டராக்கோணும் எண்டதுதான் அவற்ர ஆசை. அவற்ர படத்தைப் படிக்கிற மேசையில வைச்சிருக்கிறா. நான் என்ன செய்ய?”
– ஒரு தாய், விசுவமடு

தங்கச்சி, நூல் கட்டியதில் குற்றமில்லை. ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்று சொன்னது, பார்த்த சோதனைகளில் பழுது தெரியவில்லை என்பதைத்தான். பிள்ளைக்கு வருத்தம் இருக்கிறது. பயம் நெடுநாளாக உடம்பில் இருந்தால் முதலில் வயிறுதான் காட்டும். குமட்டும், சாப்பாடு இறங்காது. நித்திரையும் சாப்பாடும் குறைந்து மனமும் நெருக்கப்பட்டால் மாதவிடாயும் தப்பும். புருவத்தைப் பிடுங்குவது பல நேரம் பிள்ளைக்கே தெரியாமல் நடக்கிறது. கையில் அடிக்காதீர்கள், “வடிவு கெட்டுப் போச்சு” என்று சொல்லாதீர்கள். திரும்பவும் வைத்தியசாலைக்குப் போங்கள். இந்தமுறை வயிறு, நித்திரை, புருவம், மாதவிடாய் நாலையும் ஒன்றாகச் சொல்லுங்கள், மனநல வைத்தியரைப் பார்க்க வேணும் என்று கேளுங்கள். கிளினிக்கில் எங்கள் பெண்கள் வயிற்றுநோவை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். பிறகு வைத்தியரும் வயிற்றை மட்டும்தான் பார்ப்பார்.

பன்னிரண்டரைக்குப் படுத்து நாலுக்கு எழும்பினால் மூன்றரை மணித்தியாலம். இந்த வயதுக்கு எட்டு மணித்தியாலம் வேணும். படித்தது மூளையில் பதிவது நித்திரையில்தான். நித்திரையைக் குறைத்துப் படிக்கிற பிள்ளை படித்ததைத் தானே அழித்துக்கொள்கிறது. நாலு மணி அலாரத்தை நிற்பாட்டுங்கள். இரவு ஒன்பதரைக்கு வெளிச்சம் நிற்கட்டும், ஐந்தரைக்கு எழும்பட்டும். முதல் கிழமை பிள்ளை அழும், மற்றப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள் என்று. பக்கத்தில் போய்ப் படுங்கள்.

கெமிஸ்ட்ரி வகுப்பு ஒன்றை விடச் சொல்லுங்கள். எதை விடுவதென்று மகள் முடிவெடுக்கட்டும். ஒரே பாடத்துக்கு இரண்டு ஆசிரியரின் நோட்ஸ் வைத்திருக்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு கொப்பியும் அழகாக இருக்கும். ஆனால் ஒரு கட்டுரை விடையையாவது நேரம் வைத்து எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள். உயிரியல் முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினா, இரண்டு மணித்தியாலம். இரண்டாம் வினாத்தாள் மூன்று மணித்தியாலம், அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும். ஞாயிறு மிச்சப்படும் நேரத்தில் ஒரு பாஸ்ற் பேப்பரை எடுத்து, மணிக்கூட்டை முன்னால் வைத்து எழுதி, தானே திருத்தட்டும். எங்கே பிழைத்தது என்பதைத் தன் கையால் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு வரும் தெளிவு, நூறு பேர் இருக்கிற மண்டபத்தில் கடைசி வாங்கில் இருந்து பிடித்த நோட்ஸில் வராது.

அடுத்தது உங்களுக்கு நோகும். ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் கடிதம் முழுவதிலும் கணவரைப் பற்றி இருப்பது ஒரேயொரு விஷயம், மகளை டொக்டராக்க ஆசைப்பட்டார் என்பது. அவர் கமம் செய்தாரா, கடலுக்குப் போனாரா, மேசனா, அதைக்கூட நீங்கள் எழுதவில்லை. ஒன்றரை வயதில் தகப்பனை இழந்த பிள்ளைக்கு அவரின் குரல் நினைவில்லை, கை நினைவில்லை. அப்பா என்று அவளிடம் இருப்பது ஒரு படமும் இந்த ஆசையும்தான். வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்தால் அந்த அப்பாவும் கைவிட்டுப் போய்விடுவார் என்று பிள்ளை பயப்படுகிறது. சோதினை நாளில் சத்தி எடுப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அவரைப் பற்றி மகளுக்குச் சொல்லுங்கள் தங்கச்சி. புட்டோடு என்ன கறி கேட்பார், எந்தக் குளத்தில் நீந்தப் பழகினார், கோபம் வந்தால் என்ன செய்வார், உங்களை எங்கே முதலில் கண்டார், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும் வழியில் என்ன வாங்கித் தந்தார். பங்கருக்குள் ஒன்றரை வயதுப் பிள்ளையை எப்படி மடியில் வைத்திருந்தார் என்பதையும் சொல்லுங்கள். அந்த மே மாதத்தில் மகளுக்காக அவர் எதை விரும்பினார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதையும் சொல்லுங்கள். நீங்கள் அழுதால் பரவாயில்லை, அவளுக்கு முன்னால் அழுங்கள். படத்தை மேசையிலிருந்து விறாந்தைச் சுவருக்கு மாற்றலாமா என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். ஓம் என்றால் மட்டும் மாற்றுங்கள்.

மருத்துவம் கிடைக்குமா என்பதையும் கண்ணைத் திறந்து பார்க்க வேணும். முல்லைத்தீவு 2012 கணக்கெடுப்பில் நாட்டிலேயே சனத்தொகை மிகக் குறைந்த மாவட்டம், ஏறக்குறைய 92,000 பேர். மாவட்ட ஒதுக்கீடு சனத்தொகைப்படி வருவதால் மருத்துவத்துக்கு எங்களுக்குக் கிடைக்கும் இடங்களும் மிகச் சில. நல்லாய்ப் படித்த பிள்ளையும் அதில் தவறலாம். பயோ படித்த பிள்ளைக்கு விவசாயம், தாதியியல், மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூடம், சித்த மருத்துவம் எல்லாம் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. ரியூசனுக்கு வந்துபோகும் அதே கிளிநொச்சிதான். ஒருநாள் இவற்றைப் பற்றி மகளோடு கதையுங்கள். கதைக்கும்போது டொக்டர் என்ற சொல்லை எடுக்காமல், “உனக்கு என்ன படிக்க விருப்பம்?” என்று மட்டும் கேளுங்கள். மருத்துவம்தான் என்று மகள் சொன்னால் அது மகளின் ஆசை. அதற்கு நானும் துணை.

*

“சொந்த இடம் ஒட்டுசுட்டான். இருபது வருசத்துக்கு மேல டொரொண்டோவில. அக்காவின்ர மகனுக்கு ரியூசன், லப்டொப், மோட்டச்சைக்கிள் எல்லாத்துக்கும் நான்தான் காசு அனுப்புறன். ஒவ்வொரு ஞாயிறும் வாட்ஸ்அப்பில எடுத்து மார்க்ஸ் கேக்கிறனான். இப்ப என்ர கோலை எடுக்கிறானில்லை. நன்றியில்லாத பிள்ளையோ?”
– தாய்மாமன், கனடா

இல்லைத் தம்பி, அப்படியில்லை. நீங்கள் கேட்கும் இலக்கம் அவரிடம் இல்லை, அதனால்தான் போனை எடுக்கவில்லை. பனியிலும் இரண்டு வேலை செய்து அனுப்பும் காசு என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும், அக்கா சொல்லியிருப்பா. அது தெரிந்தபடியால்தான் “மாமா, கெமிஸ்ட்ரிக்கு 38” என்று சொல்ல வாய் வருகுதில்லை.

உங்கள் ஊரில் பிள்ளையின் 12 ஆம் வகுப்புப் பாடங்களில் எடுத்த புள்ளிகளை வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிறார்கள். ஒரு பாடம் சறுக்கினால் திரும்ப எடுக்கலாம். இங்கே மூன்று பாடம், ஒரு பரீட்சைக் காலம். தவறினால் அடுத்த வருடம்வரை காத்திருக்க வேணும். அந்தக் காலமும் அண்மைய வருடங்களில் எங்கள் மாரியோடு வந்தது. 2024 நவம்பரில் பரீட்சை தொடங்கிச் சில நாளிலேயே வெள்ளம் வந்து நாடு முழுக்க இடைநிறுத்தினார்கள். படித்ததை மனதில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எங்களிடம் இருந்தார்கள்.

அண்மைய வருடங்களில் விண்ணப்பிக்கத் தகுதி பெறுவோர் ஒன்றரை இலட்சத்துக்கு மேல், அரச பல்கலைக்கழகங்களுக்குள் போவோர் நாற்பதாயிரத்துச் சொச்சம். உங்கள் மருமகன் அந்தப் பெரிய பக்கத்தில் நின்றாலும் அது உங்கள் காசை வீணாக்கியதாகாது.

அவருக்கு ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். “இந்தக் காசுக்குக் கணக்குக் கேக்கமாட்டன். நீ எடுத்தாலும் எடுக்காட்டிலும் நான் உன்ர மாமாதான்” என்று உங்கள் சொந்த வாயால் சொல்லுங்கள். பிறகு ஒரு மாதத்துக்கு மார்க்ஸ் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். ஒட்டுசுட்டானில் மழையா, பந்தடிக்கப் போறவனா, அம்மம்மாவின் முழங்கால் எப்படி என்று கேளுங்கள். மோட்டச்சைக்கிளைப் பற்றி ஒன்று: ரியூசன் முடிந்து இருட்டில் வரும் பிள்ளைக்கு ஹெல்மெட்டும் வாங்கிக் கொடுத்தீர்களோ?

*

“மகன் ஓ.எல். இல 8 ஏ. யாழ்ப்பாணத்தில பெரிய பாடசாலையொண்டில இடம் எடுத்துத் தரலாமெண்டு சொந்தக்காரர் சொல்லினம். கணிதம் படிக்கப் போறான். அனுப்பவோ?”
– கமக்காரர், தருமபுரம்

அனுப்புவதற்கு முன் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள் ஐயா. பல்கலைக்கழக அனுமதியில் பிள்ளை எந்த மாவட்டத்தவர் என்பதை வீட்டு விலாசம் தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருட காலத்தில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள். உங்கள் மகன் உயர்தரத்தை யாழ்ப்பாணத்தில் படித்தால் யாழ்ப்பாண மாவட்டப் பிள்ளைகளோடுதான் போட்டி. அங்கே வெட்டுப்புள்ளி வழக்கமாகக் கிளிநொச்சியைவிட உயரம். ரிசல்ஸ் வந்த பிறகு “நாங்கள் தருமபுரம் ஆக்கள்தானே” என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோடு வாதாட முடியாது. விதியின் நுணுக்கங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் இருக்கின்றன. தமிழிலும் வரும். ஆசிரியர் ஒருவரோடு இருந்து வாசியுங்கள்.

பக்கத்துப் பாடசாலைக்கு நேரே போய் இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா, ஆய்வுகூடம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆள் இருந்தால் மகனை வீட்டிலேயே வைத்திருங்கள். ஒரு பாடத்துக்கு இரண்டு தவணையாக ஆளில்லை என்றால் அனுப்புவதில் நியாயம் இருக்கிறது. பதினாறு வயதில் அறை எடுத்துத் தங்குகிற பிள்ளைகள் பாணும் சம்பலுமாக நாளைக் கழித்து மெலிந்து வருவதைக் கண்டிருக்கிறேன். சாப்பாட்டோடு தங்க இடம் பார்த்த பிறகு முடிவெடுங்கள். உங்கள் கடிதத்தில் மகனின் விருப்பம் இல்லை. இன்றிரவு அவரையும் கேளுங்கள்.

*

“மாவட்ட அடிப்படையில பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறன். ஒரு கலியாண வீட்டில யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் ஒராள் எல்லாருக்கும் முன்னால ‘கோட்டாவில போனவன்’ எண்டார். அண்டைக்கிருந்து நான் ஆற்றையோ இடத்தைப் பறிச்ச மாதிரி இருக்கு. எங்கட பாடசாலையில 12 ஆம் தரத்தில ரெண்டு தவணை பிசிக்ஸுக்கு ஆளில்லை. நாங்களாப் படிச்சம்.”
– முழங்காவில்

தம்பி, நீர் ஒருவருடைய இடத்தையும் பறிக்கவில்லை. பொறியியல் போன்ற பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் வரை இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி, 5 வீதம் வரை கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த பதினாறு மாவட்டங்களுக்கு. கொழும்புப் பிள்ளையும் கண்டிப் பிள்ளையும் அந்த 55 வீதத்தின் வழியாகவும் போகிறார்கள். அவர்களை ஒருவரும் கோட்டாவில் போனவர் என்று சொல்வதில்லை. அந்தப் பதினாறு மாவட்டங்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா இருக்கின்றன. யாழ்ப்பாணமும் இருக்கிறது.

பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடிய புள்ளி கேட்ட 1970களின் தரப்படுத்தலில் அடிபட்ட கோபம் எங்கள் வீடுகளில் இன்றும் இருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதை இன்றைய முழங்காவில் பிள்ளைமேல் காட்டுவது அநியாயம். பிசிக்ஸுக்கு ஆசிரியர் இல்லாத வகுப்பில் பிள்ளைகள் தாங்களாகப் படித்தது திறமை இல்லையென்றால் வேறு எது திறமை? 2009 ஆகஸ்டில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தபடி எங்கள் பிள்ளைகள் உயர்தரம் எழுதினார்கள். பாடசாலை இல்லை, கொப்பி இல்லை, பலருக்கு வீட்டில் ஆளே இல்லை. அவர்களின் புள்ளியையும் கொழும்பில் குளிரூட்டிய வகுப்பில் படித்த பிள்ளையின் புள்ளியையும் ஒரே அளவுகோலால் அளப்பதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

உள்ளே போன பிறகு எல்லோருக்கும் ஒரே பரீட்சை. அங்கே மாவட்டம் கேட்கமாட்டார்கள். உமக்கு முதல் வருடத்தில் கஷ்டம் தரப்போவது ஆங்கிலம். விரிவுரை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும். பீடம் தொடங்க இருக்கும் இந்த மாதங்களில் உயர்தரப் பௌதிகவியலையே ஆங்கிலப் புத்தகத்தில் வாசியும். தெரிந்த பாடம் என்பதால் சொற்கள் தானாகப் பிடிபடும். விளங்காததைக் கேட்க வெட்கப்படாதையும். மகாபொல புலமைப்பரிசில் விண்ணப்பத்தையும் மறக்கவேண்டாம்.

*

“ரெண்டு தரம் மற்ஸ் எழுதினன். ரெண்டு தரமும் ஒரு எஃப். அம்மா மூண்டாந்தரமும் எழுதச் சொல்லுறா. எனக்கு ஜேர்மன் டெக்கில மோட்டார் வாகனம் படிக்க விருப்பம். எங்கட ஒழுங்கையில ஆற்றை லாண்ட்மாஸ்ரர் நிண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவினம். ‘கிறீஸ் பூசவோ உன்னை இவ்வளவு படிப்பிச்சனான்’ எண்டு அம்மா அழுறா.”
– புதுக்குடியிருப்பு

தம்பி, மூன்று தரம் எழுதலாம் என்பது உமக்குள்ள உரிமை. எழுதியே ஆக வேணும் என்று ஒரு சட்டமும் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் அரச தொழில் தகைமை தருகிறார்கள். என்.வி.கியூ. என்று சொல்லும் அந்தத் தகைமை ஏழு மட்டம் கொண்டது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். ஐந்தாம் மட்டம் முடித்தவர் இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அம்மா ஆசைப்பட்ட பட்டம் அந்த வழியிலும் இருக்கிறது. உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடையாதவர்களுக்கும் ஜேர்மன் டெக்கில் பாடநெறிகள் உண்டு. மேலே பெயர் எழுதாத பிள்ளைக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

அம்மாவோடு வாதாடாதையும். நிறுவனத்தில் அனுமதி கேட்டு ஒரு வேலை நாளில் அவவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டறையைக் காட்டும். கணினியைச் செருகி எஞ்சின் பழுது பார்ப்பதை அவ கண்ணால் பார்க்கட்டும். அங்கே படிக்கிற பெண் பிள்ளைகளோடு கதைக்கட்டும். அம்மாவுக்கு ஒரு வார்த்தை: மாரி தொடங்கும் நேரம் ஊரில் உழவு மெசின் நின்றால் எல்லோரும் தேடி வருவது உங்கள் மகனிடம். இரண்டு வருடமாகக் கணக்குக் கொப்பியோடு அழுத பிள்ளைக்கு இந்த மதிப்பு கிடைக்கிற இடம் தெரிந்திருக்கிறது. தடுக்காதீர்கள் அம்மா.

*

“என்ர மகளுக்கு மூண்டு பி. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ரெண்டு பி, ஒரு சி. ரெண்டும் ஒரே பாடங்கள். ஆனா இசட் புள்ளி அந்தப் பிள்ளைக்குக் கூட. பிழை விட்டிட்டினமோ?”
– மல்லாவி

பிழையாக இருக்கவேண்டியதில்லை. பி என்றால் 65 உம் பி, 74 உம் பி. சி என்றால் 64 ஆகவும் இருக்கலாம். இசட் புள்ளி எழுத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் பாடம் எழுதிய எல்லோரின் சராசரியிலிருந்து பிள்ளை எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்று மூன்று பாடத்துக்கும் பார்த்து, அதன் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். இது 2001 இலிருந்து இருக்கும் முறை. சந்தேகம் பெரிதாக இருந்தால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். திகதியைத் தவறவிடாதீர்கள்.

அதைவிட அவசரமான வேலை விண்ணப்பம் நிரப்புவது. பாடநெறிகளை வரிசைப்படுத்தும்போது போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து, விருப்பமானதைக் கீழே போடுகிறார்கள். மேலே போட்டதில் இடம் கிடைத்தால் கீழே உள்ளதைப் பார்க்கவே மாட்டார்கள். அதனால் மகளுக்கு உண்மையில் எது விருப்பமோ அதை மேலே போட்டு, அடுத்தடுத்த விருப்பங்களை அந்த ஒழுங்கிலேயே எழுதுங்கள். பம்பைமடுவில் இருக்கும் வவுனியா வளாகம் 2021 இலிருந்து தனிப் பல்கலைக்கழகம். அதன் பாடநெறிகளையும் பாருங்கள். இசை, நடனம், சித்திரம் போன்ற சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேணும். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டு இரண்டு பேரையும் ஒன்றாக இருத்தி நிரப்பச் சொல்லுங்கள். ஒருவர் தவறவிட்ட திகதியை மற்றவர் பிடிப்பார்.